இரண்டாம் பாதியில் இறக்குவார்கள்

கார்ப்புவேலா, சோத்தா பள்ளத்தாக்கு
மே 10

மதிப்பிற்குரிய ஒல்கர் தராப்புவெஸ் அவர்களுக்கு,

முன்பின் பேசியிராத ஒருத்தி, அதுவும் நீங்கள் பந்தயத்தில் இருக்கும் நேரத்தில், இப்படி மின்னஞ்சல் எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்ததிலேயே இரண்டு நாள் போய்விட்டது. நான் எலியெசரின் தங்கை யொமைரா. நீங்கள் சான் கபிரியேலிலிருந்து அண்ணனோடு சைக்கிளில் இறங்கி வந்து எங்கள் வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டுப் போவீர்களே, அப்போதெல்லாம் உள்ளறையில் இருந்தவள்.

உடம்பு நலமா? கால்கள் நலமா? சைக்கிள்காரர்களிடம் இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்று அண்ணன் சொல்லுவான். இங்கே அம்மாவும் நானும் நலம்.

சனிக்கிழமை, மூன்று வார இத்தாலி சைக்கிள் பந்தயத்தின் முதல் நாளைப் பார்க்க, பந்து மைதானத்தில் பெரிய திரை கட்டினார்கள். காலை ஆறு மணிக்கே ஊர் கூடிவிட்டது. பச்சைத் துவரையும் ஆட்டுக்கறியும் வெந்துகொண்டிருந்தன. எங்கள் பள்ளத்தாக்கில் பிறந்த கறுப்பன் காலில் பந்துதான் இருக்கும், சைக்கிளெல்லாம் மேலே குளிர்நாட்டு வெள்ளைத்தோல்காரர்களுக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களும் அண்ணன் படம் போட்ட சட்டையோடு வந்திருந்தார்கள். அறிவிப்பாளர், நீங்களும் அண்ணனும் ஓட்டும் அணியின் எட்டுப் பெயர்களை வாசித்தார். உங்கள் பெயர் இருந்தது. அண்ணன் பெயர் இல்லை.

யாரும் பதறவில்லை. தார்கீனோ மாமா எழுந்து நின்று, "பெஞ்சுல உக்கார வச்சிருக்கான். ரெண்டாம் பாதில இறக்குவான் பாருங்க. நல்ல ஆட்டக்காரனக் கடைசிலதான விடுவாங்க" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்த நாளும் வந்து உட்கார்ந்தார்கள். இன்றும் வந்தார்கள்.

எனக்கு அது அப்படியில்லை என்று தோன்றுகிறது. நிச்சயமாகத் தெரியாது. தெரிந்தாலும் அத்தனை பேர் நடுவில் சொல்லும் தைரியம் இல்லை. பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நீதானே, நீயே சொல் என்பதுபோல அம்மா என்னைப் பார்க்கிறாள். நான் எழுந்து காப்பி ஊற்றப் போய்விடுகிறேன்.

அண்ணன் ஒரு வாரமாகப் போனை எடுப்பதில்லை. பந்தயம் தொடங்கிய பிறகு ஒருவரை இறக்க முடியுமா? இதை மட்டும் சொன்னால் போதும்.

உங்களுக்குச் சாலை உலர்ந்து இருக்கட்டும்.

பணிவுடன்,
யொமைரா மிண்டா


இத்தாலி, ஓய்வு நாள்
மே 15

தங்கை யொமைராவுக்கு,

எலியெசருக்குத் தங்கை என்றால் எனக்கும் தங்கைதான், அதனால் இந்த 'அவர்கள்' வேண்டாம். உடம்பு நலம், இடது முழங்காலில் மட்டும் ஒரு சிராய்ப்பு. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

எங்கள் தொழிலில் இரண்டாம் பாதி கிடையாது. தொடக்கக் கோட்டில் நிற்கும் எட்டுப் பேர்தான் கடைசி வரை. ஒருவன் விழுந்தால் ஏழு பேர், அவ்வளவுதான். எலியெசர் ஒன்பதாவது ஆளாக வந்திருந்தான். முந்தின நாள் மாலைவரை யாருக்காவது காய்ச்சல் வருமா, வயிறு கெடுமா என்று பார்த்துக் காத்திருப்பது ஒன்பதாவது ஆளின் வேலை. யாருக்கும் எதுவும் வரவில்லை. எங்கள் எட்டுப் பேரின் மழைச்சட்டைகளையும் அவன்தான் சட்டைப் பைக்குள் அடங்கும்படி மடித்துக் கொடுத்தான். மறுநாள் காலை நாங்கள் எழுவதற்குள் கிளம்பிவிட்டான்.

தேர்வுக் கூட்டத்தில் மேலாளர் இரண்டு காரணங்கள் சொன்னார். வெயில் நிலத்தில் பிறந்த உடம்பு மூன்றாவது வாரத்துப் பனிமலையில் தாங்காது என்பது ஒன்று. ஏப்ரலில் ஸ்பெயினின் வடக்கு மலைகளில் நடந்த பந்தயத்தில் அவன் நேர வரம்பைத் தாண்டி வந்து நீக்கப்பட்டான் என்பது இன்னொன்று. முடிவுத் தாளில் அப்படித்தான் இருக்கிறது.

கவலைப்பட வேண்டாம். களைப்பாக இருப்பான். ஓய்வெடுத்தால் சரியாகிவிடும்.

அன்புடன்,
ஒல்கர்


கார்ப்புவேலா
மே 17

ஒல்கர் அண்ணனுக்கு,

இத்தனை மலைகளுக்கு நடுவே உட்கார்ந்து பதில் எழுதியதற்கு நன்றி. முழங்காலுக்கு மருந்து போட்டீர்களா? உங்களை அண்ணன் என்று எழுத எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

இரண்டாம் பாதி கிடையாது என்பதை இன்னும் ஊரில் சொல்லவில்லை. நேற்று தார்கீனோ மாமா திரையைப் பார்த்து, "இன்னும் ரெண்டு மலை பாக்கி இருக்கு. இப்ப விட்டா சரியா இருக்கும்" என்றார். உங்கள் அணியின் கார் திரையில் வரும்போதெல்லாம் பின் இருக்கையில் அண்ணன் தெரிகிறானா என்று பெண்கள் எட்டிப் பார்க்கிறார்கள். எப்படிச் சொல்வேன்?

வெயில் நிலத்து உடம்பு என்று எழுதியிருந்தீர்கள். அண்ணன் பள்ளிக்கூட நாளிலிருந்து எங்கள் பாலத்திலிருந்து உங்கள் ஊர் வரை ஏறியவன். குளிர் ஒத்துக்கொள்ளாத உடம்பு என்றால் உங்கள் ஊர்ச் சதுக்கத்திலேயே அது தெரிந்திருக்கும், உங்களுக்கே தெரிந்திருக்கும். நிறத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு வெயிலைச் சொல்கிறார்களோ என்று எனக்கு ஒரு எண்ணம். தவறாக இருந்தால் மன்னிக்கவும்.

ஏப்ரல் பந்தயத்தில் சாலையோரம் நின்ற யாரோ எடுத்த சிறு வீடியோ ஒன்று எங்கள் ஊர்ப் போன்களில் சுற்றுகிறது. மழையில் அண்ணன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். முன்சக்கரம் காற்றில்லாமல் தட்டையாக இருக்கிறது. வண்டிகள் போகின்றன, அவனுக்காக ஒன்றும் நிற்கவில்லை. அதைப் பார்த்தபோது ஊரில், "அடப்பாவி, இவனுக்குன்னு பாத்து பஞ்சராகுது" என்று சிரித்துவிட்டு, பாவம் என்றார்கள். பஞ்சர் எல்லோருக்கும் வருவதுதானே? அதற்காக ஒருவரை ஒதுக்குவார்களா? நீங்களும் அந்தப் பந்தயத்தில் இருந்தீர்கள். அன்று என்ன நடந்தது?

அவன் இப்போது எங்கே இருக்கிறான்?

உங்கள் தங்கை,
யொமைரா


ஸ்பெயின்
ஜூன் 7

தங்கைக்கு,

தாமதத்துக்கு மன்னிப்பாயாக. பந்தயம் முடிந்து ஒரு வாரம் படுக்கையை விட்டு எழவில்லை. பதினோராவதாக வந்தேன். நம் நாட்டுப் பத்திரிகைகள் கொஞ்சம் அதிகமாகவே எழுதிவிட்டன. முழங்கால் ஆறிவிட்டது. இங்கே வெயில் ஏறத் தொடங்கியிருக்கிறது, அங்கே மழை எப்படி? அம்மா நலமா?

எலியெசர் தன்னை விடுவிக்கும்படி அணியிடம் கேட்டுக்கொண்டான். அவர்களும் மறுக்கவில்லை. பத்திரமான இடத்தில் இருக்கிறான். எங்கே என்று சொல்வதில்லை என வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதனால் கேட்காதே. நன்றாகச் சாப்பிடுகிறான், இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிடுகிறான் என்று என் அம்மா சொன்னார்.

ஏப்ரலைப் பற்றிக் கேட்டிருந்தாய். அன்று நல்ல மழை.

அன்புடன்,
ஒல்கர்


கார்ப்புவேலா
ஜூன் 9

ஒல்கர் அண்ணனுக்கு,

பதினோராவது இடத்துக்கு எங்கள் எல்லோருடைய வாழ்த்துகளும். வாழ்த்தை முதலில் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்தேன்.

கடைசி நாளன்று திரையில் கோப்பை கொடுக்கும்வரை எல்லோரும் இருந்தார்கள். பிறகும் சிறிது நேரம் இருந்தார்கள். தார்கீனோ மாமாதான் கடைசியில் எழுந்தார். "கோச் சரியில்ல. ஆட்டம் தெரிஞ்சவனா இருந்தா விட்டிருப்பான்" என்று சொல்லிவிட்டுத் திரையை அவிழ்த்தார். பெரியவர் ஒருவர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே, "அடுத்த மேட்ச் எப்பய்யா?" என்று கேட்டார்.

சென்ற வருடம் உங்கள் அணியிலிருந்து விளம்பரப் படம் எடுக்க வந்தவர்கள் நினைவிருக்கிறதா? அம்மாவைத் தலையில் பாட்டிலை வைத்துக்கொண்டு எங்கள் போம்பா நடனம் ஆடச் சொன்னார்கள். அவளுக்கு அன்று இடுப்புவலி, ஆனாலும் மூன்று முறை ஆடினாள். எல்லா நிறத்தவர்க்கும் இடமுள்ள அணி என்று கடைசியில் எழுத்து வரும் அந்தப் படம் இன்னும் ஓடுகிறது. அண்ணன் அதில் சிரிக்கிறான். படத்துக்குத் தேர்வானவன் பந்தயத்துக்குத் தேர்வாகவில்லை.

இன்னொன்று. சொல்லலாமா என்று தெரியவில்லை. அவன் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிடுவதாக உங்கள் அம்மா சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அம்மா சான் கபிரியேலை விட்டு எங்கும் போவதில்லை என்று அண்ணன் ஒருமுறை சொல்லியிருக்கிறான்.

நான் எதையும் கேட்கவில்லை. நீங்களும் வாக்கை மீற வேண்டாம்.

யொமைரா


ஸ்பெயின்
ஜூன் 21

தங்கைக்கு,

ஆமாம், எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். தலைநகர் கித்தோவிலிருந்து வந்த பேருந்து உங்கள் பாலத்தைக் கடந்தபோது, குனிந்து செருப்பைச் சரிசெய்வதுபோல் இருந்துவிட்டானாம். அந்தத் திரை கட்டிய மைதானம் சாலையிலிருந்தே தெரியுமாமே.

அவனைப் பார்க்க வர வேண்டாம் என்று அவன் சார்பாகக் கேட்டுக்கொள்கிறேன். நேரம் கொடுங்கள். அப்பாவோடு உருளைக்கிழங்குத் தோட்டத்துக்குப் போகிறான். அப்பாவுக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது. சாப்பிடும்போது, "சூட்டு நாட்டுப் பயலுக்கு மலைதான் ஒத்துக்கல, மலைக் கெழங்கு ஒத்துக்குது" என்று கிண்டல் செய்கிறாராம். எலியெசரும் சிரிக்கிறானாம்.

அம்மாவின் உடம்பைப் பார்த்துக்கொள்.

ஒல்கர்


கார்ப்புவேலா
ஜூலை 8

ஒல்கர் அண்ணனுக்கு,

நலமா? இங்கே காற்று பலமாக அடிக்கிறது, ஓவோப் பழம் உதிர்கிறது.

நீங்கள் எழுதியதை அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அவள் சனிக்கிழமை தோறும் உங்கள் ஊர்ச் சந்தைக்குப் பழம் விற்கப் போகிறவள் என்பதை நீங்கள் மறந்துவிட்டீர்கள், அண்ணனும் மறந்துவிட்டான் போலிருக்கிறது. அல்லது மறக்காமல்தான் வந்தானோ என்னவோ.

சென்ற சனிக்கிழமை பாதிக் கூடையோடு திரும்பி வந்தாள். பழத்தைக் கொட்டி, அழுகியதைப் பிரித்து, நல்லதைக் கழுவி வைத்தாள். பிறகு, வெள்ளை மீசை வைத்த ஒருவருக்குப் பின்னால் தோளில் மூட்டையோடு அண்ணன் வந்ததைச் சொன்னாள். போர்வையைக் காது வரை இழுத்துவிட்டிருந்தானாம். அவளைக் கண்டதும் லாரிக்குப் பின்னால் ஒதுங்கினானாம்.

"நீ கூப்பிடலையாம்மா?" என்று கேட்டேன்.

"நான் பாக்கவே இல்லடி" என்றாள்.

"இப்பதான பாத்தேன்னு சொன்ன?"

"நான் பாக்கக் கூடாதுன்னு அவன் நெனச்சான். அதனால நான் பாக்கல. அவ்ளோதான்."

அவள்தான் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம், அவன் ஒளிந்ததை அவன் உணராதபடிக்கு. இப்போது கூடையைச் சந்தையின் மறுமூலைக்கு மாற்றிக்கொண்டுவிட்டாள். அங்கே வியாபாரம் இல்லை. அவன் அந்தப் பக்கம் வராமல் நிம்மதியாக நடக்கட்டும் என்கிறாள். "எளைச்சிருக்கான், ஆனா நடை நல்லா இருக்கு" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

உங்கள் அம்மாவுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். எப்படிச் சொல்வது என்று தெரியாததால் நேரில் வரவில்லை.

யொமைரா


ஸ்பெயின்
செப்டம்பர் 2

தங்கைக்கு,

ஜூலைக் கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். பலமுறை தொடங்கினேன். பந்தயங்கள் அடுத்தடுத்து வந்தன. நலமாக இருக்கிறேன். நீங்கள் இருவரும் நலம்தானே?

அணி எனக்கு இன்னும் இரண்டு வருடம் நீட்டித்திருக்கிறது. உலகப் போட்டிக்கான நம் நாட்டு அணிக்கும் நான்தான் தலைமை. துணைக்கு யார் யார் வேண்டும் என்று கேட்டார்கள். எலியெசரின் பெயரையும் சொன்னேன். "ஏப்ரல்லயே டைமுக்குள்ள வர முடியாதவன வச்சு என்ன பண்றது ஒல்கர்? பாவம் பாத்தா ஆள எடுப்பாங்க?" என்றார் அதிகாரி. நான் மேலே எதுவும் பேசவில்லை.

அக்டோபரில் ஊருக்கு வருகிறேன். சதுக்கத்தில் வரவேற்பு வைத்திருக்கிறார்கள். நீயும் அம்மாவும் வந்தால் மகிழ்வேன். எலியெசரிடம் நானே பேசி அவனைக் கீழே அனுப்பி வைக்கப் பார்க்கிறேன்.

ஒல்கர்


கார்ப்புவேலா
செப்டம்பர் 27

ஒல்கர் அவர்களுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவும் நானும் நலம். இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளவும்.

சென்ற வாரம் பேருந்தில் உங்கள் ஊருக்குப் போனேன். வர வேண்டாம் என்று நீங்கள் கேட்டிருந்தீர்கள். மூன்று மாதம் கேட்டபடி இருந்தேன். வழியில் போனில் அந்த ஏப்ரல் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உங்கள் ஊர்க்காரப் பெண், மடியில் கோழியை வைத்துக்கொண்டு, கேட்காமலே எட்டிப் பார்த்தாள்.

"யாரு சைக்கிள் இது?" என்றாள்.

"எங்கண்ணனோடது. பஞ்சராயிடுச்சு" என்றேன்.

"உங்கண்ணன் முதுகுல இருக்கிற நம்பர் வேற, சீட்டுக்குக் கீழ இருக்கிற நம்பர் வேற. இது வேற எவனோட சைக்கிளோ. தன்னோடதக் குடுத்துட்டு இதப் புடிச்சிட்டு நிக்கிறான்மா."

எங்கள் பள்ளத்தாக்கே நூறு தடவை பார்த்த படம் அது. நாங்கள் முதுகை மட்டும்தான் பார்த்தோம். பந்தாட்டத்தில் எண் முதுகில் மட்டும்தானே இருக்கும்.

சைக்கிளில் இருந்த எண் யாருடையது என்று நான் தேடினேன். அந்தப் பந்தயத்தில் நீங்கள் நான்காவதாக வந்த நாள் அது என்பதையும் பார்த்தேன். பஞ்சரானது உங்களுக்கு.

உங்கள் வீட்டில் என்னை நன்றாக உபசரித்தார்கள். உங்கள் அம்மா அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியைக் கொடுத்தார். அண்ணன் என்னைக் கண்டதும் எனக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்தான். சாப்பிடும்போது உங்கள் அப்பா, கெட்ட எண்ணம் துளியும் இல்லாமல், என்னிடம் சொன்னார்: "பொண்ணு, உங்கண்ணன் மாதிரி உழைக்கிறவன நான் பாத்ததில்ல. ஆனா ஏப்ரல்ல எம்பையன் மலை ஏறிட்டான், இவன் ஏறல. மண்ணு அப்படி. உங்க மண்ணுக்குப் பந்துதான்." அண்ணன் சிரித்தான். சிரித்துக்கொண்டே அரைத்த மிளகாயை அவர் பக்கம் நகர்த்தினான். நான் வாயைத் திறந்தேன். அவன் என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தான், வேண்டாம் என்று. எனக்குத்தான் சபையில் பேச வராதே. சூப்பைக் குடித்தேன்.

பேருந்து நிறுத்தம் வரை அவன் கூட வந்தான். அங்கே ஏப்ரலைப் பற்றிக் கேட்டேன். சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"மேலாளர் காதுக்கருவில சொன்னாரு, குடுன்னு. குடுத்தேன். அவனும் நானும் ஒரே உயரம், சின்ன வயசுலேர்ந்து ஒரே சைக்கிள மாத்தி மாத்தி ஓட்டினவங்க. சீட்டக்கூட ஏத்தி இறக்க வேணாம். அவன் போனான். எங்க காரும் அவன் பின்னாடியே போயிடுச்சு. ரொம்ப நேரம் நின்னேன். அவ்ளோதான் யொமைரா, இது எங்க வேல. யாரா இருந்தாலும் குடுக்கணும்."

"அப்பறம் ஏன் அத உனக்கு எதிரா எழுதினாங்க?"

"தாள்ல அதெல்லாம் வராது. டைமுக்கு வெளியன்னு மட்டும்தான் வரும்."

"கூட்டத்துல யாரும் சொல்லலையா?"

"சாப்பாட்டு மேசையிலதான் தாளப் படிச்சாங்க. மேலாளர் ஒல்கரப் பாத்தாரு. ஒல்கர் தட்டப் பாத்தான்." பிறகு அவசரமாக, "அவன் மேல தப்பில்ல. மலைக்கு ரெண்டு பேர்ல ஒருத்தனுக்குத்தான் எடம். அவனுக்கும் வீடு இருக்கு" என்றான்.

"இங்கயாவது சொல்லலாமே அண்ணா. இவங்க வீட்லயே உக்காந்து இதக் கேட்டுட்டு இருக்கியே."

"சொன்னா அவன் நாலாவதா வந்தது சின்னதாயிடும். அவங்கப்பா அந்தப் பேப்பர் செய்தியக் கண்ணாடி போட்டு மாட்டி வச்சிருக்காரு, பாத்தல்ல?"

பார்த்தேன். அதற்குக் கீழேதான் அவன் உட்கார்ந்து சாப்பிட்டான்.

பேருந்து வந்தது. கூட வருகிறாயா என்று கேட்டேன். எந்த முகத்தோடு என்றான். ஊர் இன்னும் உனக்குப் பஞ்சர் என்றுதான் நினைக்கிறது, யாரும் உன்னைக் குறை சொல்லவில்லை என்றேன். "பஞ்சராவே இருக்கட்டும்" என்றான். அவன் மீண்டும் பந்தயம் ஓட்ட மாட்டான். நான் கேட்கவில்லை, கையைப் பார்த்தேன். கைப்பிடியில் காய்த்த இடமெல்லாம் மறைந்து, மண்வெட்டியில் காய்த்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள், "சைக்கிளக் குடுத்தது சரிதான். கேட்டா குடுக்கணும்" என்றாள். பிறகு, "வாங்கினவன் வாய் தொறக்கணும்" என்றாள்.

உங்களை அண்ணன் என்று எழுத இம்முறை கை வரவில்லை, மன்னிக்கவும். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். ஆனால் தன் வீட்டுக்கு வர முடியாமல் நின்றவனுக்கு உங்கள் வீட்டைக் கொடுத்தீர்கள், அதையும் நான் மறக்கவில்லை. அணிக்கு எழுதுங்கள் என்றோ, பத்திரிகைக்காரர்களிடம் சொல்லுங்கள் என்றோ நான் கேட்கப் போவதில்லை. அந்த விளம்பரப் படத்தை நிறுத்தச் சொல்லவும் இல்லை. தேர்வு முடிந்துவிட்டது, இனி அவனை யாரும் தேர்ந்தெடுக்கப் போவதில்லை. இத்தனை கடிதங்களிலும் உங்களிடம் நான் எதையும் வேண்டிக் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். இப்போது ஒன்றே ஒன்று கேட்கிறேன்.

அக்டோபரில் வரவேற்பெல்லாம் முடிந்து, வீட்டில் நீங்கள் எல்லோரும் சாப்பிட உட்காரும்போது, உங்கள் அப்பா அந்தக் கிண்டலைச் சொல்வார். அப்போது, என் அண்ணன் சிரிப்பதற்கு முன்னால், அன்று நீங்கள் ஏறிய சைக்கிள் அவனுடையது என்று அவன் காதுபட உங்கள் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.

யொமைரா